‘சூப்பர்’, ‘மொக்கை’... அப்புறம்?



ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு படம் போடுகிறார்கள். திங்கட்கிழமை காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்பே பள்ளி மைதானத்தில் அந்தப் படத்துக்குத் தீர்ப்பு சொல்லியாகி விடுகிறது!

“படம் சூப்பர்டா!” என்கிறான் ஒருவன்.

“போடா, சரியான மொக்கை!” என்கிறான் இன்னொருவன்.

“ஏன்டா மொக்கை?” என்று கேட்டுப் பாருங்கள். “மொக்கைன்னா மொக்கைதான்!” என்பான். அதற்கு மேல் பதில் வராது. ‘சூப்பர்’ என்றவனிடம் கேட்டாலும் இதே கதைதான்.

செம, மாஸ், சூப்பர், மொக்கை, வேஸ்ட். இந்த ஐந்து வார்த்தைகளை வைத்துக்கொண்டு எல்லாப் படங்களையும், எல்லா சீரியல்களையும் அளந்து விடுகிறோம். விடைத்தாளில் வெறும் மார்க்கை மட்டும் போட்டுவிட்டு, எந்த இடத்தில் தப்பு என்று ஆசிரியர் சுழித்துக் காட்டவில்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். மார்க் கிடைக்கிறது. காரணம் கிடைப்பதில்லை.

“சினிமாவைப் பற்றி விளையாட்டாகப் பேசுவதற்குக் கூடவா பாடம் நடத்த வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த விளையாட்டுப் பேச்சுக்கு இருக்கும் பலம் சாதாரணமானது அல்ல.

2024ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததைப் பாருங்கள். புதுப் படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு யூடியூப் போன்றவற்றில் விமர்சனம் வெளியிடத் தடை வேண்டும் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. பார்த்தவர்கள் சொல்லும் வார்த்தைகளைக் கேட்டு, மற்றவர்கள் தியேட்டருக்கு வராமல் போகிறார்கள் என்பது அவர்களின் கவலை. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நீதிமன்றம் சொன்னது சரிதான். காசு கொடுத்துப் படம் பார்த்தவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்றால் எப்படி? ஆனால், அந்தக் கவலையையும் நாம் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு படத்தில் நடிகர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? செட் போடும் தச்சர், விளக்குகளைத் தூக்கி நிறுத்துபவர், துணி தைப்பவர், சமையல் செய்து பரிமாறுபவர் என்று எத்தனையோ பேரின் உழைப்பு அதில் இருக்கிறது. அத்தனை பேரின் வேலையையும் ஒரே வார்த்தையில் தூக்கி எறிவதற்கு முன்னால், ஒரு காரணமாவது சொல்ல வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. முதல் வாரத்தில் ஊர் சொல்லும் தீர்ப்பு எப்போதும் நிலைப்பதில்லை!

1954ஆம் ஆண்டு ‘அந்த நாள்’ என்று ஒரு படம் வந்தது. ஏவி.எம். தயாரித்த அந்தப் படத்தை இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். சிவாஜி கணேசன் நடித்திருந்தார். அந்தக் காலத்துப் படங்களில் பாட்டுகள் கொட்டிக் கிடக்கும். இந்தப் படத்திலோ ஒரு பாட்டு கூட இல்லை, நடனமும் இல்லை! பாட்டை எதிர்பார்த்து வந்த ஜனங்கள் ஏமாந்து போனார்கள். வசூலும் பெரிதாக இல்லை. ஆனால், இன்று தமிழின் சிறந்த படங்களைப் பட்டியல் போடுபவர்கள் அந்தப் படத்தை விட்டுவிடுவதில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் படத்தின் கதையே கருத்து வேறுபாட்டைப் பற்றியதுதான். ஒரு கொலை நடக்கிறது. அதைப் பற்றி விசாரிக்கும்போது ஒவ்வொருவரும் தாங்கள் கண்டதையும் நினைத்ததையும் வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். உண்மை எது என்று கடைசியில்தான் தெரியும்!

2003ஆம் ஆண்டு வெளியான ‘அன்பே சிவம்’ படமும் இப்படித்தான். அப்போது தியேட்டரில் அவ்வளவாக ஓடவில்லை. பிறகு டிவியில் பார்த்துப் பார்த்து, கொண்டாடத் தொடங்கினார்கள். படம் மாறவில்லை. பார்த்த கண்கள்தான் மாறின. ஆகவே, “எல்லாரும் மொக்கை என்கிறார்கள், அதனால் எனக்கும் மொக்கை” என்று சொல்லிவிடாதீர்கள். யார் சொன்னாலும், சொன்ன பொருளில் உள்ள உண்மையைப் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். 423ஆம் குறளை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சரி, கருத்து சொல்வது எப்படி? ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

2015ஆம் ஆண்டு வந்த ‘காக்கா முட்டை’ படத்தை உங்களில் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். மணிகண்டன் இயக்கிய அந்தப் படம், சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. “காக்கா முட்டை சூப்பர்!” என்று சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்களேன்:

“தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கி விற்கிற அண்ணன் தம்பி ரெண்டு பேர். பீட்சா சாப்பிடணும்னு ஆசைப்படறாங்க. பாட்டி தோசை மாவில் வெங்காயம், தக்காளி எல்லாம் போட்டு பீட்சா சுட்டுத் தர்றாங்க. அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைச்சது. கையில் காசு இருந்தும் அவங்களைக் கடைக்குள்ளே விட மாட்டேங்கறாங்க. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.”

எத்தனை வாக்கியம்? ஆறுதான்! கதை என்ன, பிடித்த இடம் எது, ஏன் பிடித்தது, மனத்தில் என்ன தோன்றியது, எல்லாமே வந்துவிட்டது. கேட்பவனுக்குப் படம் பார்க்க ஆசை வரும். ஆனால், சகோதரர்கள் கடைசியில் பீட்சா சாப்பிட்டார்களா, சாப்பிட்டு என்ன சொன்னார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்லி, அடுத்தவரின் மகிழ்ச்சியைக் கெடுப்பது நல்ல ரசிகருக்கு அழகல்ல!

பிடிக்காத படத்துக்கும் இதே வழிதான். “இரண்டாம் பாதியில் ஒரே மாதிரி சண்டை ஐந்து முறை வந்தது, அலுத்துவிட்டது” என்று சொல்லலாம். அது கருத்து. “ஹீரோ மூஞ்சியைப் பாரு” என்பது கருத்து அல்ல, வசை. ஒருவரின் நிறத்தையும் உருவத்தையும் பழிப்பதற்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். எம்.என். நம்பியார் திரையில் கையைப் பிசைந்தபடி வந்தாலே, “பாவி வந்துட்டான்!” என்று திட்டிய பாட்டிகள் அநேகம். நிஜ வாழ்க்கையில் அவர் பல ஆண்டுகள் விரதமிருந்து சபரிமலைக்குச் சென்று வந்த பக்தர், சைவ உணவுக்காரர். 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில், வீட்டுப் பெண்களை அதட்டி மிரட்டும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவும் அப்படித்தான். அவர் படங்களை இயக்கியவரும்கூட. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, அந்தப் பாத்திரத்தைத் திட்டியவர்களே கண் கலங்கினார்கள். வெறுப்பு வரும்படி நடிப்பதும் திறமைதான்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. நடிப்பை ரசிக்கலாம், அந்தப் பாத்திரத்தைப் போல நடக்கலாமா? அந்த அதட்டலைப் பல வீடுகளில் பிள்ளைகள் அம்மாவிடமே விளையாட்டாகச் சொல்லிக் காட்டினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நாள் முழுவதும் உழைத்துவிட்டு வரும் அம்மாவுக்கும் அது சிரிப்பாக இருந்ததா என்று யாராவது கேட்டார்களா?

சீரியல் பார்ப்பவர்கள் இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நாடு முழுவதும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, எந்தச் சேனல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணக்கெடுக்கிறார்கள். டி.ஆர்.பி. என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்களே, அது இதுதான். “சே, என்ன சீரியல் இது!” என்று அலுத்துக்கொண்டே தினமும் பார்த்தால், கணக்கில் அது ‘பிடித்திருக்கிறது’ என்றுதான் ஏறும். வாய் சொல்வது கருவிக்குக் கேட்காதே! பிடிக்காததை நிறுத்திவிட்டு எழுந்து போவதும் ஒரு விமர்சனம்தான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு படத்தைச் சிபாரிசு செய்யும் முன், அதன் தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். ‘யு’ என்றால் எல்லாரும் பார்க்கலாம். ‘ஏ’ என்றால் பெரியவர்களுக்கு மட்டும். இடையில் இருந்த ‘யுஏ’ பிரிவை 2024 முதல் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த வயதுக்குக் குறைந்தவர்கள் பார்ப்பதற்குப் பெற்றோரின் வழிகாட்டுதல் வேண்டும். “நான் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்பது ஆறு வயதுத் தங்கைக்குப் பொருந்தாது!

கடைசியாக ஒன்று. நான் பணியில் இருந்தபோது, ‘மெட்டி ஒலி’ தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம். இடைவேளையில் பிள்ளைகள் முந்தைய நாள் கதையைக் கூடிக் கூடிப் பேசுவார்கள். ஒரு மாணவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரிப்பாள். பிறகுதான் தெரிந்தது, அவள் வீட்டில் டிவியே இல்லை! பார்க்கவில்லை என்று சொன்னால் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்களோ என்று அவளுக்குப் பயம். இன்று பெரும்பாலான வீடுகளில் டிவி வந்துவிட்டது. ஆனால், அந்தப் பயம் போகவில்லை. “எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை” என்று சொல்லவும், எல்லாரும் ஒதுக்கிய படத்தை “எனக்குப் பிடித்தது” என்று சொல்லவும் தயங்கும் பிள்ளை இன்றும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது.

அந்தப் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். “உனக்கு ஏன் பிடித்தது? சொல்லேன், கேட்போம்” என்று பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நல்ல காட்சியை அவன் கவனித்திருக்கலாம். நாளை நாட்டு நடப்பில் கருத்துச் சொல்லப் போகும் குடிமக்கள் நீங்கள். மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கத்துக்கு ஒரு சினிமாப் பேச்சிலேயே பயிற்சி எடுக்கலாமே!

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். பயப்பட வேண்டாம், இதற்கு மார்க் கிடையாது! ஒரு படமோ தொடரோ பார்த்ததும் நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள். ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்ற இரண்டு வார்த்தைகளும் அதில் வரக் கூடாது. பிறகு, கூடப் பார்த்த பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் கருத்தைக் கேட்டு, அதற்குக் கீழே எழுதுங்கள். ஒரே படத்தை உங்கள் வீட்டில் எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வீர்கள்.

எழுதுவீர்கள்தானே?