எது கஷ்டம்? யார் சொல்வது?

தட்டாங்கல் ஆடிப் பழகிய கை உங்களுடையதானால், இந்த வாரம் நான் சொல்லப்போவது சட்டென்று புரிந்துவிடும்.

சங்கரன்கோவில் பக்கத்தில் குருவிகுளம் என்று ஓர் ஊர். கரிசல் பூமி. அங்கே உறவினர் வீட்டுத் திண்ணையில் கல் ஆடிக்கொண்டிருந்த சிறுமிகளுடன் நானும் போய் உட்கார்ந்தேன். பழைய ஞாபகத்தில் எடுத்த எடுப்பிலேயே நாலு கல்லையும் ஒரே வாரலாக வாரப் போனேன். “அது எப்படி அத்தை? ஒண்ணாங்கல்லுல இருந்துல்லா வரணும்!” என்று ஒருத்தி என் கையைத் தட்டிவிட்டாள்.

நியாயந்தானே! ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை ஒவ்வொன்றாக எடுப்பது ஒண்ணாங்கல். அப்புறம் இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், பிறகு நாலும் சேர்ந்து. எது சுலபம், எது கஷ்டம் என்று எந்தக் கமிட்டியும் கூடி முடிவு செய்யவில்லை. விரல்களே சொல்லிவிட்டன.

ஜிம்னாஸ்டிக்ஸில் கமிட்டி உண்டு. ஒவ்வொரு வித்தைக்கும் கஷ்டத்துக்குத் தக்க மதிப்பு. அகர்தலாப் பெண் தீபா கர்மாகர் 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ‘ப்ரொடுனோவா’ தாவல் செய்தாரே, நினைவிருக்கிறதா? ஓடிவந்து, மேஜை போன்ற சாதனத்தில் கையூன்றி எழும்பி, ஆகாசத்தில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் அடித்துக் காலூன்ற வேண்டும். கரணம் கொஞ்சம் குறைந்தால் கழுத்துக்கே ஆபத்து. அதற்கு அப்போது கஷ்ட மதிப்பு 7.0. தங்கம் வென்ற சிமோன் பைல்ஸின் இரண்டு தாவல்களுக்கும் அதைவிடக் குறைவுதான். ஆனால் செய்கையில் அப்படி ஒரு சுத்தம்! இறங்கும்போது மிகவும் தாழ்ந்துவிட்ட தீபாவுக்கு நாலாவது இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே 0.150 தான்! அன்று இரவு எத்தனை வீடுகளில் பெருமூச்சு விட்டோம்!

அந்தப் பைல்ஸுக்கே 2019-ல் ஒரு மனக்குறை. உத்தரத்திலிருந்து இறங்கும்போது இரண்டு பின்கரணமும் இரண்டு சுழற்சியும் சேர்ந்த புது வித்தை ஒன்றைக் கொண்டுவந்தார். ‘ஏ’யில் தொடங்கி ஏறும் எழுத்து வரிசையில் அதற்குக் கமிட்டி கொடுத்தது ‘எச்’. பலர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆபத்தையும் கருதினோம் என்றார்கள். கூலி கூடுதலாக இருந்தால், தயாராகாத குழந்தைகளும் குதித்துவிடுவார்களே!

முடிந்தவளுக்கு ஏன் குறைக்க வேண்டும் என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் என் வீட்டுப் பெண் அந்த உத்தரத்தின் மேல் நின்றால்? கமிட்டிக்குத்தான் கை தூக்குவேன். உங்களுக்கு எப்படியோ!

குருவிகுளத்தில் நான் மூன்றாங்கல்லிலேயே தவறவிட்டேன். கல் திண்ணையில் உருண்டது, அவ்வளவுதான் நஷ்டம். “அடுத்த ஆளு!” என்று கற்களை வாரிக்கொண்டாள் அந்தச் சிறுமி.