சிக்கனம் நம் கையில்: நீளமான லென்ஸா, வெளிச்சமான லென்ஸா?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். "அண்ணா கொடுத்த பழைய டிஜிட்டல் காமிரா ஒன்று இருக்கிறது. கூடவே வந்த 18-55 லென்ஸ்தான் அதில். என் 8 வயதுப் பெண் போன சிவராத்திரிக்கு மயூர நாட்டியாஞ்சலியில் ஆடினாள். எடுத்த படமெல்லாம் ஒரே கலங்கல். இந்த மாதம் சீட்டுப் பணம் 12,000 ரூபாய் வருகிறது. கடையில் 70-300 லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்தாலும் முகம் தெரியுமாம். என் வீட்டுக்காரரோ, கையில் செல்போன் இருக்க இது எதற்கு என்கிறார். என்ன செய்யட்டும்?"

சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பெண் 8 வயதில் ஆடுவதும் ஒரு தடவைதான். ஆகவே கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

முதலில் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுக்கும் படத்துக்குச் செல்போன் தாராளமாகப் போதும். அந்தக் காலத்து ஆக்ஃபா கிளிக் 3 காமிரா நினைவிருக்கிறதா? ஒரு சுருளில் 12 படம். வெயிலா, மேகமா என்று ஒரு குமிழைத் திருப்புவதைத் தவிர அதில் வேறு வேலையே கிடையாது. ஆனாலும் அதில் எடுத்த படங்கள் பல வீடுகளில் இன்றும் சட்டத்துக்குள் பளிச்சென்று இருக்கின்றன. காரணம், ஆட்களைத் திண்ணையிலும் முற்றத்திலும் நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் எடுத்ததுதான். காலை 8 மணி வெளிச்சத்தில் தாழ்வாரத்தில் உட்கார்த்திப் பாருங்கள், குழந்தையின் முகம் எவ்வளவு அழகாக விழுகிறது என்று! அதற்குக் காலணா செலவில்லை.

சங்கடம் எல்லாம் இருட்டிய பிறகுதான். குழந்தையும் ஆடிக்கொண்டே இருப்பாள். அங்கேதான் செல்போனும் திணறுகிறது, காமிராவோடு வந்த லென்ஸும் திணறுகிறது.

ஏன் என்று கேட்பீர்கள். லென்ஸின் மேல் எஃப் என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அது லென்ஸின் கண் எவ்வளவு அகலம் திறக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதானால் கண் பெரியது! உங்கள் 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் கண் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 எம்.எம். எஃப் 1.8 என்று ஒரு லென்ஸ் உண்டு. அது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பழைய லென்ஸில் வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால்தான் படம் விழும் என்றால், இதில் அறுபதில் ஒரு பங்கு போதும். அவ்வளவு நேரம் திறந்திருந்தால் ஆடும் குழந்தையின் கை கலங்காமல் என்ன செய்யும்?

இப்போது கடையில் சொன்ன 70-300 லென்ஸைப் பாருங்கள். விலை குறைந்த ரகங்களில் நீட்ட நீட்டக் கண் எஃப் 5.6 வரை சுருங்கிவிடும். அதாவது உங்களிடம் இருக்கும் அதே இருட்டுத்தான். போதாக்குறைக்கு, நீளம் கூடக் கூட நம் கை நடுக்கமும் படத்தில் பெரிதாகத் தெரியும். பகலில் வேதாரண்யம் கோடியக்கரைக்குப் போய்ப் பறவை பார்ப்பவர்களுக்கு அது நல்ல லென்ஸ். ராத்திரிக் கச்சேரிக்கு அது உதவாது. ஆகவே வேண்டாம் சகோதரி.

வாங்க வேண்டியது அந்த 50 எம்.எம். எஃப் 1.8. காமிராக் கம்பெனிகள் விற்கும் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. அதில் ஜூம் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் கிட்டே போக வேண்டும். அது குறையே அல்ல. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா, 2011-ல் பத்ம விபூஷண் பெற்றவர், புடவை கட்டிக்கொண்டு தில்லியில் தலைவர்களையெல்லாம் படமெடுத்தவர். அவர் வைத்திருந்த ரோலிஃப்ளெக்ஸ் காமிராவில் ஜூமும் இல்லை, லென்ஸை மாற்றவும் முடியாது.

மேடைக்கு 15, 20 அடி தூரத்தில் இடம் பிடித்து உட்காருங்கள். அடவு முடிந்து, தீர்மானத்தின் கடைசித் தட்டில் குழந்தை ஒரு கணம் அசையாமல் நிற்பாள் பாருங்கள், அந்த நேரத்தில் அழுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600, 3200 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் மணலாகத் தெரிந்தால் தெரியட்டும். கலங்கலை விட அது எவ்வளவோ மேல்.

வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மாதிரிக் காமிராக்களில் 50 எம்.எம். போட்டால், நிற்கும் குழந்தையைத் தலை முதல் கால் வரை எடுக்க ஏறக்குறைய 10 அடி பின்னால் போக வேண்டும். சிறிய கூடமானால் முதுகு சுவரில் இடிக்கும்! அவர்களுக்கு 35 எம்.எம். எஃப் 1.8 சௌகரியம். 7 அடி போதும்.

புதிதுதான் வேண்டும் என்பதில்லை. பழைய லென்ஸ் பாதகமில்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். உங்கள் காமிராவையே கடைக்கு எடுத்துப் போங்கள். லென்ஸை மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். சில நிக்கான் காமிராக்களுக்குள் மோட்டார் இருக்காது. அவற்றில் 'டி' வகைப் பழைய லென்ஸைப் போட்டால் தானாகக் குவியாது, நாம்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். ஆடும் குழந்தைக்கு அது சரிப்படாது. பிறகு ஒரு முனையில் டார்ச் அடித்து மறு முனை வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூசணம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

பூசணம் என்றதும் நம் டெல்டாப் பெண்கள் உஷாராக வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அப்பளமே நமுத்துப் போகிறதே, லென்ஸ் என்ன பாடுபடும்? தோல் பையிலும் பீரோவில் துணிக்கு நடுவிலும் வைக்காதீர்கள். ரப்பர் வளையம் போட்ட, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் ஈரம் குடித்து ரோஜா நிறமானால், சூடு காட்டி உலர்த்தி மறுபடி போடலாம். அதைக் குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "நம் ஊரில் அரிசிக்கா பஞ்சம், அரிசிப் பானையில் புதைத்து வைக்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். கூடவே கூடாது. அரிசி மாவும் தூசியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்துருண்டை, கற்பூரம் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

ஆக, 12,000 ரூபாயில் லென்ஸுக்கு முதல் இடம். அடுத்தது டப்பாவும் ஜெல்லும். மிச்சத்தில் ஒரு பத்துப் படத்தையாவது காகிதத்தில் பிரிண்ட் போட ஒதுக்குங்கள். செல்போன் தொலைந்தால் படமும் தொலையும், ஆல்பம் அப்படியே இருக்கும். ஃபிளாஷ், வண்ண ஃபில்டர், பெரிய பை எல்லாம் இப்போது வேண்டாம். முக்காலி ஸ்டாண்டு கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. படம் எடுப்பது அம்மா என்றால், எந்தப் படத்திலும் அம்மா இருக்க மாட்டாள். பத்து வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும் பெண், "நீ எங்கேம்மா?" என்று கேட்பாள். காமிராவை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, 10 வினாடி டைமரைப் போட்டுவிட்டு, ஓடிப் போய்ப் பெண் பக்கத்தில் நில்லுங்கள். தலை கலைந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்!