கற்றாழைப் பேணியும் நஞ்சுப் போத்தலும்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் வாசலில் நான் அடிக்கடி காண்பது, பால்மாப் பேணியில் நட்ட ஒரு கற்றாழை. தோட்டம் செய்த கை சும்மா இருப்பதில்லை. ஆனால் அதில் வெள்ளையாக ஏதும் படிந்துவிட்டால், முன்பு தோட்டத்துக்கு அடித்த நஞ்சின் மிச்சத்தைத் தேடுகிறோம். இப்பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே எனது கருத்து.

முதலில் பீடையை இனங்காண்போம். மடல் தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுபோல் ஒட்டியிருப்பது வெண்மூட்டுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கும். அதை நாடி எறும்பு ஏறும்; கரிபோன்ற பூஞ்சணமும் படியும். நகத்தால் சுரண்டக் கழன்றுவரும் சிறு ஓடுகள் செதிற்பூச்சி. மேலே எதுவுமின்றிச் செடி வாடினால், பேணியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரில் வெண்பொடி இருந்தால் அதுவும் வெண்மூட்டுப்பூச்சியே. அடிமடல் கூழாகி நாறினால் அது பீடையல்ல. தண்ணீர் கூடியதால் வந்த அழுகல். அதற்குப் பூச்சி நஞ்சு எதுவும் உதவாது.

இப்பூச்சியின் உடலில் மெழுகுபோன்ற பூச்சு உண்டு. முட்டைகள் பஞ்சுக்குள் ஒளிந்திருக்கும். எனவே மேலால் தெளிக்கும் நஞ்சு பெரும்பாலும் வழிந்தோடிவிடும்; பூச்சியைத் தின்னும் பொறிவண்டுதான் மடியும். 2008இல் பப்பாசியை ஒருவகை வெண்மூட்டுப்பூச்சி தாக்கியபோது, 2009இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு குளவியே அதனை அடக்கியது என்பதை மறவாதீர்கள்.

செய்ய வேண்டியது இலகு. செடியைத் தனியே எடுத்து வையுங்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வோர் இடுக்காகத் துடையுங்கள். பின்னர் 1 லீற்றர் நீரில் 1 தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரமும் கலக்குங்கள். முதலில் ஒரு மடலில் பூசிப் பார்த்து, மடல் கருகாவிட்டால் மாலையில் தெளியுங்கள். 7 நாளுக்கு ஒரு தடவையாக 4 தடவை செய்தால்தான் புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளும் அழியும். வேரில் கண்டால் மண்ணைக் கழுவி நீக்கி, நிழலில் சில நாள் உலரவிட்டு, புது மண்ணில் நடுங்கள்.

“இவ்வளவுக்கு நேரம் ஏது?” என்று கேட்பீர்கள். ஆயிரம் கன்று நின்றால் அது நியாயமான கேள்வி. ஒரு பேணிக்குக் கால் மணித்தியாலம் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையின் சுட்ட புண்ணில் தடவுவதும் அந்தக் கற்றாழையைத்தான். நஞ்சுப் போத்தல் இருப்பதோ அதே ஓர் அறைக்குள், சமையற் சாமான்களுக்குப் பக்கத்தில். மனமுடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டிய போத்தலால் நேர்ந்த செத்தவீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேட், பென்தியன், பரகுவாட் ஆகியவை நம் நாட்டில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதும் இத்தகைய சாவுகளினாலேயே. பழைய போத்தல் இருந்தால் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். பூட்டி வைத்து, விவசாயப் போதனாசிரியரிடம் வழி கேளுங்கள்.

பீடையைப் பார்த்து அறியும் கண் நமக்கு வேண்டும். பேணியில் பழகிய அந்தக் கண், நாளை காணிக்குத் திரும்பும்போது நம்மோடு கூட வரும்.