காயில் கடைக்கு ஓர் அடுப்பு

கோடையில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கொங்கு விவசாயி உடனே புது மோட்டார் வாங்க ஓடுவதில்லை. காயில் கட்டும் (ரீவைண்டிங்) கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறார். எரிந்த செம்புக் கம்பி எடைக்குப் போகிறது. வார்ப்பிரும்புக் கூடும் ஸ்டேட்டர் தகடுகளும் ரோட்டாரும் இன்னொரு சுற்று உழைக்கின்றன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த கோவையில் இது அன்றாடத் தொழில். ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற பெயர் மாநாட்டு மேடைகளுக்குப் பிற்பாடுதான் வந்தது.

அதற்காக இந்தக் கடைகளைப் புகழ்ந்துவிட்டு நகர முடியாது. வார்னிஷில் இறுகிய பழைய காயிலை உருவுவதற்காக ஸ்டேட்டரை அப்படியே தீயில் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புகை கண்ணுக்குத் தெரிந்த கேடு. தெரியாத கேடு உள்ளே நடக்கிறது: சூடு மிஞ்சினால் தகடுகளுக்கு இடையிலான மின்காப்புப் பூச்சு கருகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல கம்பி சுற்றினாலும் அந்த மோட்டார் சூடாகும், மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும்.

‘ரீவைண்டிங் செய்தால் திறன் போய்விடும்’ என்று புது மோட்டார் விற்பவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். அது பாதி உண்மை. வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்து முறைப்படி கட்டினால் திறன் குறைய வேண்டியதில்லை என்று அமெரிக்க, பிரிட்டிஷ் மோட்டார் பழுதுநீக்குவோர் சங்கங்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சங்கங்களுக்கு இதில் ஆதாயம் உண்டுதான். ஆனால் சோதனை நடந்தது நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில்.

ஆக, தேவை வெப்பக் கட்டுப்பாடு உள்ள ஓர் அடுப்பு. சிறு கடைக்கு அது கட்டுப்படியாகாத முதலீடு. யார் வாங்கித் தருவது? தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். கெட்டுப்போன மோட்டார் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் விவசாயி அல்ல, அரசின் மானியம்தான் சுமக்கிறது. நாலைந்து கடைகளுக்கு ஒரு பொது அடுப்பு என்று அமைத்துக் கொடுத்தாலும் அது அரசுக்குச் செலவாகாது, சேமிப்பாகும். இரவுபகல் ஓடும் நூற்பாலை மோட்டாரின் கணக்கு வேறு: அங்கே வாங்கிய விலையைவிட மின்கட்டணம் பன்மடங்கு என்பதால் திறன் குறைந்த பழசைக் கழித்துக் கட்டுவதே சரி.

இனி வரும் மோட்டார்களில் சிக்கல் செம்போடு முடியாது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் உருவாகும் மின்ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது நியோடிமியம் என்ற அருமண் தனிமம் கலந்த காந்தங்கள். 2025 ஏப்ரலில் அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கடிவாளம் போட்டதும் இந்திய ஆலைகள் தடுமாறின. அதே ஆண்டு நவம்பரில் உள்நாட்டிலேயே காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நல்லது. ஆனால் ஏற்கெனவே ஸ்கூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும் காந்தங்கள்? பசை போட்டு ஒட்டிய காந்தத்தைப் பழைய இரும்புக் கடைக்காரர் சுரண்டிக்கொண்டிருக்க மாட்டார். அது இரும்போடு இரும்பாக உருகிப்போகும்.

பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு 2022 விதிகளால் தயாரிப்பாளர் தலையில் ஏறியது. காந்த மோட்டாருக்கும் அதே பொறுப்பு வேண்டும். கழற்றக்கூடிய வடிவமைப்பும் கட்டாயமாக வேண்டும். உள்ளே என்ன காந்தம், எப்படிக் கழற்றுவது என்பதை வெளியே எழுதி வைப்பதற்குக் கூடுதல் செலவு ஒன்றுமில்லை. வோல்டேஜும் குதிரைத்திறனும் பொறிக்கிற தகட்டிலேயே இடம் இருக்கிறது.