500 மீட்டரில் 1 வினாடி, 5,000 மீட்டரில் 10 வினாடி: ஸ்பீட் ஸ்கேட்டிங்கின் 'ஆல்ரவுண்ட்' கணக்கு என்ன?

குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்பீட் ஸ்கேட்டிங் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனிப் பதக்கம். ஆனா எல்லாத் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தா யார் பெஸ்ட்? அதைச் சொல்வதுதான் உலக ஆல்ரவுண்ட் சாம்பியன்ஷிப். பெண்களுக்கு இது 1936 முதல் நடக்கிறது.

என்னென்ன பந்தயங்கள்?

முதல் நாள் 500, 3,000 மீட்டர். அடுத்த நாள் 1,500, 5,000 மீட்டர். மூன்று பந்தயங்கள் முடிந்ததும் 8 பேர் மட்டுமே 5,000 மீட்டருக்குத் தகுதி பெறுவார்கள்.

புள்ளிகள் எப்படி?

ஒவ்வொரு நேரத்தையும் 500 மீட்டருக்கான சராசரியாக மாற்றுவார்கள். 500 மீட்டரை 39 வினாடியில் முடித்தால் 39 புள்ளி. 3,000 மீட்டருக்கு 4 நிமிடம் 3 வினாடி என்றால், 243-ஐ 6-ஆல் வகுத்து 40.5. 1,500 மீட்டர் நேரத்தை 3-ஆலும், 5,000 மீட்டர் நேரத்தை 10-ஆலும் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை குறைவாக இருப்பவரே சாம்பியன்.

ட்விஸ்ட் இங்கேதான். 500 மீட்டரில் 1 வினாடி பின்தங்கினால், அதை ஈடுகட்ட 5,000 மீட்டரில் 10 வினாடி முந்த வேண்டும். பன்னிரண்டரைச் சுற்றில், சுற்றுக்கு 0.8 வினாடி!

யார் சாதித்தார்கள்?

ஜெர்மனியின் குண்டா நீமன் 8 முறை, நெதர்லாந்தின் ஐரீன் வூஸ்ட் 7 முறை பட்டம் வென்றார்கள். ஜப்பானின் மிஹோ தகாகி 2018-ல் ஆல்ரவுண்ட் பட்டமும், 2020-ல் குறுந்தூர வீராங்கனைகளுக்கான ஸ்பிரிண்ட் உலகப் பட்டமும் வென்றார். ரெண்டும் ஒருத்தருக்கே கிடைப்பது ரொம்ப அபூர்வம்.

அப்புறம் என்ன சிக்கல்?

பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஆல்ரவுண்ட் பதக்கம் இருந்ததே இல்லை. 1960-ல் அவர்களின் பந்தயங்கள் சேர்ந்தபோதே தூரவாரியாகத்தான் பதக்கம். ஆண்டுதோறும் நடந்த உலக ஆல்ரவுண்ட் போட்டியும் 2020, 2022, 2024 என இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாகிவிட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் ஒலிம்பிக் பதக்கம்தான் இலக்கு என்றால், 1,500 மீட்டரில் கெட்டிக்காரரான ஒருவர் 500 மீட்டர் ஸ்டார்ட்டுக்கும் 5,000 மீட்டர் தம்முக்கும் ஏன் பயிற்சி எடுக்கணும்?

அதனால ஆபத்தில் இருப்பது ஒரு கோப்பை மட்டுமில்லை. எல்லாம் தெரிந்த வீராங்கனை என்ற வகையே.

அடுத்த முறை பார்க்கும்போது, கடைசிப் பந்தயத்துக்கு முன் புள்ளி வித்தியாசத்தைப் பத்தால் பெருக்கிப் பாருங்க. பின்தங்கியவர் எத்தனை வினாடி முந்த வேண்டும் என்பது உடனே தெரிஞ்சிடும்.