கண்டி சாலையும் காட்டாறுகளும்

விடுமுறை நெருங்கும்போது கிட்வாய் நகர் அன்பர்கள் பலருக்குக் கார்பெட் வனத்தின் நினைவு வருவது இயல்பு. ராம்நகர் வரையில் ரயில், அப்பால் ஜீப். அங்குள்ள பழம்பாதை ஒன்றைப் பற்றியும், வழியிலுள்ள ஓடைகளைப் பற்றியும் இம்மாதம் எழுதுகிறோம்.

இமயத்தின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும் அப்பாதைக்குக் கண்டி சாலை என்று பெயர். இலங்கையிலுள்ள கண்டிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆங்கிலேயர் காலத்திலேயே வழக்கிலிருந்த இச்சாலை, ராம்நகரையும் கோட்துவாரையும் காட்டினூடே இணைப்பது. அக்காடு 1936இல் ஹெய்லி தேசியப் பூங்காவாயிற்று. பின்னர் ஜிம் கார்பெட்டின் பெயரைப் பெற்றது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கப்பெற்றது. கண்டி சாலையைச் செப்பனிட்டுத் திறந்தால், உத்தரப் பிரதேசச் சமவெளியைச் சுற்றிச் செல்லும் அலைச்சல் தீரும் என்கின்றனர் மலைநாட்டு மக்கள். புலியும் யானையும் நடமாடும் வழியை அடைக்கலாகாது என்கின்றனர் வன ஆர்வலர்கள். இருதரப்பிலும் நியாயம் உண்டு.

இத்தகைய காட்டுப் பாதைகளில் பாலங்கள் அரிது. கூழாங்கல் நிறைந்த ஓடைப் படுகையிலேயே வண்டி இறங்கி ஏற வேண்டும். கோடையில் பல ஓடைகள் வறண்டு கிடக்கும். மலையில் மழை பெய்தாலோ, கீழே வானம் தெளிந்திருக்கையிலும் வெள்ளம் வந்துவிடும். பழகிய ஓட்டுநர் முதலில் கரையில் நின்று நீரின் ஆழத்தையும் வேகத்தையும் பார்ப்பார். பிறகு நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்து, தாழ்ந்த கியரில், நடுவில் நிறுத்தாமல் சீராகக் கடப்பார். ஐயம் தோன்றினால் இறங்கவே மாட்டார்.

இந்த நிதானம் பூங்காவுக்கு வெளியிலும் வேண்டும். 2022 ஜூலை 8 அன்று ராம்நகரருகே பெருகி ஓடிய டேலா ஆற்றில் கார் ஒன்று அடித்துச் செல்லப்பட்டு, ஒன்பது பேர் மாண்டனர், ஒருவரே பிழைத்தார். ஓடும் நீர் ஓரடி ஆழமிருந்தாலே சிறு காரை மிதக்கச் செய்யும். சக்கரம் பிடிப்பை இழந்துவிடும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளையும் தள்ளிச் செல்ல வல்லது.

ஆகவே மழைக்காலத்தில் செல்லும் குடும்பத்தினர், ஓடையில் நீர் பாய்வதைக் கண்டால், அது வடியும் வரையில் காத்திருக்குமாறு ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வடியாவிடில் திரும்பிவிடுங்கள். அறை வாடகை வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் காலுக்குச் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும்.