ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடாதீர்கள்

கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "எங்க வீட்டு ஒட்டடைக்குச்சியப் பாருங்க" என்று பெற்ற பிள்ளையைக் காட்டிச் சிரிக்கிறோமே, அப்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறோமா? ஒல்லிப்பிச்சான், ஓமக்குச்சி, நெட்டைக்கொக்கு, பனைமரம். வகுப்பில் ஒருவன் இப்படிச் சொன்னால் பள்ளிக்கே போய்ச் சண்டை பிடிப்போம். வீட்டில் நாமே சொன்னால் அது செல்லப் பெயராம்! ஓமக்குச்சி நரசிம்மன் அதைத் திரையில் தன் பெயராகவே வைத்துக்கொண்டார் என்றால், அவர் வளர்ந்த மனிதர், நடிகர். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எதற்கு?

அந்த வயதின் உடம்பே அப்படித்தான். பெண் பிள்ளைகள் 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 13, 14 வயதிலும் விறுவிறுவென்று உயர்வார்கள். உச்ச வேகத்தில் ஒரே ஆண்டில் 8 முதல் 10 செ.மீ. வரைகூட ஏறும். முதலில் கையும் காலும் நீளும், உடம்பு பிறகு வரும், சதை பிடிக்க இன்னும் நாளாகும். நல்லபடியாக வளரும் பிள்ளையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். "இப்படியே வளர்ந்தா மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்று அத்தையும் பாட்டியும் கேட்க, நாம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். அவள் தோளைக் குறுக்கி நடக்கப் பழகிய பிறகு, "கூன் போடாதே" என்று அதற்கும் திட்டுகிறோம்.

போதாததற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பசி டானிக். அவற்றில் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அது ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கத்தை வரவழைக்கும். மருத்துவர் எழுதாமல் அதைக் கொடுக்காதீர்கள்.

கவலை உண்மையானால் அளந்து பாருங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடம் 5 முதல் 18 வயது வரைக்கும் இருக்கிறது. எடை இறங்கிக்கொண்டே போனாலோ, தாகமும் சிறுநீரும் அதிகமானாலோ, வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றாலோ தாமதிக்க வேண்டாம். கைவிரல்கள் மிக நீண்டு, விரித்த கைகளின் அகலம் உயரத்தை மிஞ்சி, கண்பார்வையிலும் கோளாறு இருந்தால், அது மார்ஃபன் என்ற பரம்பரைக் குறைபாடாக இருக்கக்கூடும். இதயத்தையும் பரிசோதிக்க வேண்டிவரும். மருத்துவரிடம் போகும்போது உயரத்தையும் எடையையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "குச்சி மாதிரி இருக்கான் டாக்டர்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.